பராசக்தி வீட்டு ஹோலுக்குள் நீதிமன்றம்

பராசக்தியக்காவுக்குக் கால் முறிந்ததே வழக்குக்குப் போய் வந்த பஸ்ஸில் இருந்து இறங்கும்போதுதான். வழக்கு முடிவதற்கிடையில் மனிசி முடிந்துவிடும்போல என்று நீர்வேலியில் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கவலைப்பட்டோம். கவலையோடு கவலையாக, முறிந்தது இடதா வலதா, பஸ்காரன் ஒரு சொல்லாவது கேட்டானா என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டோம்.

வழக்கு இதுதான். பராசக்தியக்காவின் வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் பின்வளவுக்காரர் ஏரம்பண்ணையின் வாழைத்தோட்டத்துக் கிணற்றில். அந்தக் கிணற்றில் பராசக்தியக்காவுக்குப் பங்கு உண்டு, போய் வர வழியும் உண்டு. பங்கை ஏரம்பண்ணை மறுக்கவில்லை. அவர் மறுப்பது வழியை. “பத்து வருசத்துக்கு மேலாய் அதாலை ஒரு காகமும் பறந்ததில்லை. பாவிக்காத வழி வழியில்லை” என்று கோட்டில் நீதிபதியிடம் சொல்லிப்போட்டு, அந்த இடத்தை மறைத்துத் தகரமும் அடித்துவிட்டார். கனடாவில் இருக்கிற மகன் அங்கே மதில் கட்டச் சொல்லி நெருக்குகிறான். மதில் எழும்பினால் பராசக்தியக்கா ஒரு வாளி தண்ணிக்கு ஒழுங்கையைச் சுற்றிப் பெரிய ரோட்டுக்குப் போய், ஏரம்பண்ணையின் கேற்றில் நின்று கூப்பிட வேண்டும். அதுவும் அந்தக் காலோடு.

தகரம் அடித்தாலும் அதில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை, விழுந்துவிட்டது. ஒழுங்கைச் சனம் முழுக்க நல்ல தண்ணிக்கு அந்தப் பொட்டாலேதான் போய் வருகிறோம். ஆனால் “எனக்காக ஒருக்கால் வந்து சாட்சி சொல்லுங்கோவன்” என்று பராசக்தியக்கா கேட்டபோது எல்லாருக்கும் அன்றைக்கென்று வேறு அலுவல் இருந்தது. ஒருவருக்குக் கோயிலில் உபயம், ஒருவருக்குப் பல்லுக்கொதி. ஏரம்பண்ணையின் வாழைக்குலை நல்ல குலை, யார் பகைப்பது.

முன்பு என்றால் கதை இதோடு முடிந்திருக்கும். கால் முறிந்தவள் கோட்டுப் படி ஏற மாட்டாள், தவணைக்கு மேல் தவணை போகும், அதற்கிடையில் மதில் எழும்பிவிடும். ஆனால் பராசக்தியக்காவின் லோயர் மதுரா, மானிப்பாயில் இருந்து ஸ்கூட்டியில் வந்து போகிற பிள்ளை, நீதிபதியிடம் விண்ணப்பம் போட்டு, வீட்டில் இருந்தபடியே வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதி எடுத்துவிட்டா.

“அம்மா, ஒண்டை மட்டும் மறக்கக் கூடாது” என்று மதுரா படித்துப் படித்துச் சொன்னா. “கமரா பிடிக்கிற ஆளைத் தவிர அறைக்குள்ளை ஒருத்தரும் இருக்கக் கூடாது. ஆராவது சொல்லிக்குடுத்தது எண்டு கண்டால் உங்கடை சாட்சியத்தை எடுக்க மாட்டினம். பிறகு மதில்தான்.”

“எனக்கு ஆர் பிள்ளை இருக்கினம், தனிச்ச சீவன்” என்றா பராசக்தியக்கா.

கமராவுக்குப் பிடித்தது றஜிந்தனை. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றையும் வெளிநாட்டுக்கு நேரலையில் அனுப்புகிறவன். அவனுக்கு நீதிமன்றமும் ஒரு சடங்குதான். இரண்டு பெரிய லைற்றும் ஒரு வெள்ளைக் குடையும் கொண்டுவந்து, சிவப்புப் பட்டுத் துணியைப் பின்னால் கட்டி, பராசக்தியக்காவைக் கதிரையில் இருத்தி, பிளாஸ்ரர் போட்ட காலை முக்காலியில் தூக்கி வைத்தான். தடியொன்றில் பூட்டிய கைபேசிதான் கமரா. கோட்டுப் பக்கம் தெரிவதற்கு ரீவியை இணைத்துவிட்டான்.

“அன்ரி, நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ. சிரிச்ச முகமாய் இருங்கோ.”

“வழக்கடா தம்பி.”

“வழக்கெண்டாலும் முகம் வடிவாய் வரவேணுமெல்லோ.”

சாட்சி சொல்லப் போக நேரமில்லாத அத்தனை பேரும் சாட்சி பார்க்க வந்திருந்தோம். ஒருவர் கால் எப்படி என்று கேட்க வந்தார். ஒருவர் இரவல் வாங்கிய உரலைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கமராவுக்குப் பின்னால் இருந்தால் அறைக்குள் இருப்பதாகக் கணக்கில்லை என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு பாயை விரித்தோம்.

கடைசியாகக் குசினிப் பக்கத்தால் ஒரு தட்டம் வடையோடு வந்து எங்களோடு குந்தினா நல்லம்மா. ஏரம்பண்ணையின் மனிசி. அவர் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு வழக்குக்குப் போன கையோடு இவ இங்கே.

“என்னடியப்பா, எதிராளி வீட்டு வடை” என்று யாரோ கேட்க, “வழக்கு அவருக்கும் அக்காவுக்கும். எனக்கென்ன வழக்கு? உழுந்து ஊறப்போட்டிட்டன், கொண்டந்தன்” என்றா.

ரீவியில் நீதிபதி அம்மா தெரிந்ததும் பராசக்தியக்கா எழும்பப் பார்த்தா. “எழும்பாதையுங்கோ அன்ரி, தலை வெட்டுப்படுது” என்றான் றஜிந்தன். நாங்கள் பின்னால் எழும்பி நின்றுவிட்டு இருந்தோம். சத்தியம் செய்வித்தார்கள். மதுரா கேட்டதற்கெல்லாம் பராசக்தியக்கா ஒழுங்காகத்தான் பதில் சொன்னா. பிறகு ஏரம்பண்ணையின் லோயர் எழும்பினார்.

“வழி வழி எண்டு சொல்லுறீங்கள். எப்ப தொடக்கம் அதாலை போறீங்கள்?”

பராசக்தியக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினா. ஆண்டுக் கணக்கு மனிசிக்கு எப்போதும் வராது. கண் மெல்ல எங்கள் பக்கம் வந்தது.

“கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம் எண்டு சொல்லுங்கோ அக்கா” என்று ஒரு குரல் குசுகுசுத்தது. வடைத் தட்டத்தை மடியில் வைத்திருந்த நல்லம்மாதான். இரண்டு பேருக்கும் ஒரே வருசத்தில் கலியாணம், அவவுக்கு மறக்குமா?

“கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம்” என்றா பராசக்தியக்கா.

நீதிபதி அம்மா பேனையைக் கீழே வைத்தா. “அங்கே யார் பேசியது?”

“ரேடியோ அம்மா.”

“உங்களுக்குக் கலியாணம் நடந்தது ரேடியோவுக்குத் தெரியுமா?”

ரீவியில் மதுரா நெற்றியில் கை வைத்தது தெரிந்தது.

“கமரா பிடிப்பவர் அறை முழுவதையும் மெதுவாகச் சுற்றிக் காட்டட்டும்” என்றா நீதிபதி.

றஜிந்தன் தடியோடு எழும்பி, கலியாண மண்டபம் காட்டுகிற மாதிரி நிதானமாகத் திரும்பத் தொடங்கினான். அவன் வலப்பக்கம் திரும்ப, நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தோம். அவன் யன்னலைக் காட்ட நாங்கள் அலுமாரியடியில். அவன் அலுமாரியைக் காட்ட நாங்கள் சாமிப்படத்தடியில். வடைத் தட்டம், உரல், எல்லாம் எங்களோடு சுற்றின. இன்னும் கால்வாசிச் சுற்றுத்தான் மிச்சம். அப்போது முன்னால் போனவர் பிளாஸ்ரர் போட்ட காலில் முட்டுப்பட்டு நின்றார். பராசக்தியக்கா “ஐயோ” என்றா. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர் மேல் விழுந்தோம். போக வேறு இடமில்லை. குசினிக் கதவால் வெளியே பாய்ந்தோம்.

“என்ன சத்தம் அது? ஓடுவது யார்?”

றஜிந்தன் நின்ற இடத்தில் நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் அவனுடைய தொழில் அப்படி. பொம்பிளை மாப்பிளை வெளிக்கிட்டால் பின்னால் போகாமல் அவனால் நிற்க ஏலாது. சனம் ஓட, கை தன்பாட்டில் தடியைத் தூக்க, குசினியைத் தாண்டி முற்றத்துக்கு வந்துவிட்டான்.

“மெதுவாய்ப் போங்கோ அன்ரி, முகம் தெரியேல்லை” என்று வேறு சொன்னான்.

நாங்கள் எங்கே ஓடுவது? கால்கள் தங்களுக்குப் பழக்கமான பக்கம் போயின. வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, தகரப் பொட்டுக்குள்ளால் ஏரம்பண்ணையின் வாழைத்தோட்டத்துக்குள் இறங்கினோம். கடைசி ஆள் நல்லம்மா. வடைத் தட்டத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே ஒரு கையால் தகரத்தை மேலே தூக்கி, முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிச் சரியாகப் பொருத்திவிட்டுப் போனா. ஆடு புகுந்து வாழைக்கன்றைக் கடிக்கக் கூடாதல்லவா.

அத்தனையையும் நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்தத் தகரத்தைச் சாத்திய அம்மாவைக் கூப்பிடுங்கள்.”

“அன்ரி, ஜட்ஜ் அம்மா கூப்பிடுறா” என்று றஜிந்தன் பொட்டுக்குள்ளால் தலையை விட்டான். வாழை இலைகளுக்குப் பின்னால் நாங்கள் மூச்சு விடவில்லை. நல்லம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு பொட்டாலே திரும்பி வந்து கைபேசிக்கு முன்னால் நின்றா.

“உங்கள் பெயர்?”

“நல்லம்மா.”

“கணவர் பெயர்?”

நல்லம்மா நிலத்தைப் பார்த்தா.

“பெயரைச் சொல்லுங்கள், அம்மா.”

“அதை எப்பிடி அம்மா வாயாலை சொல்லுறது. உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறார். நீலச் சேட்டு. காலமை நான்தான் அயன் பண்ணிக் குடுத்தனான்.”

கோட்டில் எல்லாரும் நீலச் சேட்டைத் திரும்பிப் பார்த்தார்களாம். ஏரம்பண்ணை மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தாராம். இது மதுரா பிறகு சொன்னது.

“நீங்கள் இந்த வழியால் வருவது வழக்கமா?”

“இல்லை அம்மா. வழக்குப் போட்டாப் பிறகு அக்கா வீட்டுப் பக்கம் போகக் கூடாதெண்டு இவர் சொல்லிப்போட்டார்.”

“அப்படியென்றால் இன்றைக்கு?”

“ரோட்டாலை வந்தால் கடையடியிலை நிக்கிறவை இவரிட்டைச் சொல்லிப் போடுவினமெல்லோ. அதுதான் நான் எப்பவும் இதாலையே வாறது.”

“எப்பவும் என்றால், எவ்வளவு காலமாக?”

“கலியாணம் கட்டி வந்த நாள் தொடக்கம்.”

நீதிபதி அம்மா அதை எழுதிக்கொண்டா. “ரேடியோவின் குரல் இதுதான் என்று நினைக்கிறேன்” என்றா.

சிரிப்பு அதோடு சரி. சொல்லிக்கொடுத்த படியால் பராசக்தியக்காவின் அன்றைய சாட்சியம் முழுக்கத் தள்ளுபடி. அடுத்த தவணைக்கு நல்லம்மா நேரில் வந்து சத்தியம் செய்து சொல்ல வேண்டும் என்று கட்டளை. பராசக்தியக்கா லைற்று வெளிச்சத்தில் அழுதா. “மதில்தான், மதில்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னா. றஜிந்தன் கெட்டிக்காரன், லைற்றை அணைத்துவிட்டான்.

பின்னேரம் ஏரம்பண்ணை வீடு வந்தார். தகரத்தின் இந்தப் பக்கம் யாரும் காதை வைக்கவில்லை. தகரம்தான் எங்கள் காதுக்குக் கிட்ட இருந்தது.

“எனக்கெதிராய் ஏறி நிண்டு சொல்லப் போறியோ?”

“கேட்டால் சொல்லத்தானே வேணும். சத்தியம் செய்விப்பினம்.”

“என்னெண்டு சொல்லுவாய்?”

“உள்ளதைத்தான். என்ரை கால் நடந்த வழியை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? இருங்கோ, தேத்தண்ணி போடுறன்.”

“அவன் பெடியனுக்கு நான் என்ன சொல்லுறது?”

“போய் வர ஒரு படலைக் கதவு வைச்சு மதில் கட்டச் சொல்லுங்கோ. கனடாவிலை படலை இல்லையோ?”

சொந்த மனிசி கூண்டில் ஏறி நின்று நீலச் சேட்டைக் கை காட்டுவதை இரண்டாந்தரம் பார்க்க ஏரம்பண்ணைக்கு நெஞ்சுரம் இல்லை. அடுத்த தவணையில் வழியை ஒப்புக்கொண்டு இணக்கத்துக்கு வந்துவிட்டார்.

மதில் எழும்பிவிட்டது, நடுவில் படலையோடு. படலைக்குக் கொண்டி எந்தப் பக்கம் என்று ஒரு பிரச்சினை வந்தது. ஏரம்பண்ணை தன் பக்கம் போடச் சொன்னார். “நான் அங்காலை போன நேரம் பூட்டிப்போட்டால் நான் எங்கை படுக்கிறது?” என்றா நல்லம்மா. படலை செய்த ஓடாவியார் கொண்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, படலையைச் சைக்கிள் ரியூப்பால் கட்டிவிட்டுப் போனார்.

பிளாஸ்ரர் வெட்டியபின் பராசக்தியக்கா ஊன்றுதடியோடு முதல் தரம் படலையால் தண்ணிக்குப் போனபோது ஏரம்பண்ணை கிணற்றடியில்தான் நின்றார். முகம் பார்க்கவில்லை. மனிசி வாளியைத் தூக்க முதல், போய் மோட்டரைப் போட்டுவிட்டார். ஹோஸ் கழன்று கிடந்தது, தண்ணி நாலு பக்கமும் பீச்சியடித்தது. பராசக்தியக்கா உச்சியில் இருந்து ஊன்றுதடி வரைக்கும் தெப்பமாக நனைந்துபோனா.

மனமிரங்கிப் போட்டாரா, வேணுமென்று போட்டாரா என்பதில் ஒழுங்கை இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நல்லம்மாவைக் கேட்டால் தெரியும். பின்னேரம் படலையால் வருவா.