கண்காட்சிப் பால்

ராயபுரம் மீனவர் குப்பத்தில் செல்வநாதனுக்கும் டோரதிக்கும் பிறந்த பிள்ளைக்கு லியோனார்ட் என்று பெயர். ஞானஸ்நானத்தன்று சாமியார் வைத்தது. பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளையை இரண்டு தடவை பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவுதான் இருந்தான். ஒன்பது மாதம் ஆகியும் எடை பதினோரு ராத்தல். அழக்கூட மாட்டான். அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. பசித்தால் வாயைக் கோணிக்கொண்டு கூரையைப் பார்ப்பான், அதோடு சரி.

டோரதிக்கு ஆறாம் மாதமே தாய்ப்பால் வற்றிவிட்டது. அவள் சாப்பிடுவது கஞ்சித்தண்ணீரும் சுட்ட கருவாடும். எங்கிருந்து ஊறும்? செல்வநாதன் தினமும் கட்டுமரத்தில் போய் வஞ்சிரமும் கொடுவாவும் கொண்டுவருகிறவன்தான். கரைக்கு வந்ததும் அதெல்லாம் கூடையேறி வக்கீல் வீட்டுக்கும் துரை வீட்டுக்கும் போய்விடும். ஒரு வஞ்சிரத்தை விற்றால் ஒரு நாளைக்கு அரிசி. அதையே தின்றால் ஒரு வேளை. அப்புறம் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

பால் இருந்தது பால்கார லோகநாதனிடம். அவன் வீட்டில் மாடு கொடுத்ததைவிடக் குழாய் கொடுத்தது அதிகம் என்று ஊரே சொல்லும். அந்தக் குழாய்ப் பாலுக்கும் கையில் காசு வைத்தால்தான் செம்பைச் சாய்ப்பான் அந்தப் புண்ணியவான்.

இப்படி இருக்கும்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு என்று வைத்துக்கொள்ளுங்கள், பட்டணத்துச் சீமாட்டிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து ராயபுரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் குழந்தைகள் வாரம் நடத்தப் போவதாகத் தண்டோரா போட்டார்கள். ஏழு நாள் கண்காட்சி. முதல் நாள் போட்டி. ஆரோக்கியமான குழந்தைக்கு ஆறு மாதத்துக்குத் தினம் அரைப்படி பசும்பால் பரிசு.

அரைப்படி என்ற சொல் காதில் விழுந்ததுமே செல்வநாதனுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் பக்ருதீனிடம் போனான்.

"பாய், எந்தப் புள்ளைக்குக் குடுப்பாங்கோ?"

"தராசுல வெச்சிப் பாப்பாங்கோ மாமு. எது கனமா கீதோ அதுக்கு."

"எத்தினி ராத்தல் இருந்தா தேவல?"

"பதினாறுக்குக் கீள இருந்தா வராத, வூட்லயே தூங்கு."

செல்வநாதன் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கையில் ஏந்தி எடை பார்த்தான். பிறகு மூலையில் கிடந்த வலையைப் பார்த்தான். வலை கடலுக்குள் இறங்க வேண்டும் என்று அதன் ஓரத்தில் ஈயக்குண்டு கட்டியிருக்கும். அவனுக்கு மூளை வேலை செய்தது.

"டோரு, வலைக்கு ஈயம் கட்றோம். புள்ளைக்குக் கட்டினா இன்னா?"

"தூ. இன்னா மனுசன்யா நீ. பச்சப் புள்ளைய வெச்சிகினு டபாய்க்கப் போறியா? பாவசங்கீர்த்தனத்துல சாமியாராண்ட இன்னான்னு சொல்லுவே?"

"பாலைக் குடிச்சிட்டுச் சொல்லிக்கிறேன்."

"கம்முனு கெட."

அவன் கம்மென்று கிடந்தான். ஆனால் பக்கத்து வீட்டு ரோசியிடம் ஞானஸ்நானக் கவுன் ஒன்றைப் போட்டிக்கென்று இரவல் வாங்கி வந்திருந்தார்கள், அது பிள்ளையின் காலுக்குக் கீழே இன்னும் ஒரு முழம் தொங்கும் கவுன். டோரதி தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரத்தில் அதன் கீழ் மடிப்பைப் பிரித்து ஆறு ராத்தல் ஈயத்தை வைத்துத் தைத்துவிட்டான். வலை பின்னுகிறவன் கை, தையல் வெளியே தெரியவே தெரியாது.

கவுனை இடுப்பிலேயும் ஒரு மடிப்பு மடித்துத் தைத்திருந்தது. செல்வநாதன் மீன் கூடை தூக்கப் போன நேரத்தில் டோரதி அதில் ஐந்து ராத்தல் ஈயம் வைத்துத் தைத்தாள். கீழே ஏற்கெனவே கனத்தது அவளுக்குத் தெரியவில்லையா என்றால், பணக்கார லேஸ் வைத்த துணி, கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம். மாதாவிடம் மட்டும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவன் கொஞ்ச தூரம், அவள் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் கை விட்டுப்போயிற்று. இரண்டு பேரும் அதை வெளியே சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஐம்பது தாய்மார் இருப்பார்கள். டாக்டர் ஃப்ளோரன்ஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடியோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தராசு. நர்ஸ் எடையைச் சொல்லச் சொல்ல அம்மாள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போனார். லோகநாதன் பிள்ளை இருபத்தோரு ராத்தல். கன்னம் கண்ணை மூடியிருந்தது. அடுத்தது லியோனார்ட்.

"இருபத்திரண்டு" என்றாள் நர்ஸ்.

செல்வநாதன் போட்ட கணக்கு பதினேழு. பக்கத்தில் பார்த்தான். டோரதி பதினாறு என்று நினைத்த முகத்தோடு அவனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே புருஷனும் பெண்டாட்டியும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். தட்டில் படுத்திருந்தது பாதி லியோனார்ட், பாதி ஈயம்.

அம்மாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஒன்பது மாதத்துக்கு இது மிகவும் அதிகம். அளவுக்கு மீறி ஊட்டுகிறீர்கள். பாலைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்."

"பாதியாவா?" என்றாள் டோரதி. "எதுல பாதிம்மா?"

நர்ஸ் பிள்ளையைத் தூக்கினாள். இரவல் கவுன், ரோசியின் மூன்று பிள்ளைகள் போட்டது, இற்றுப்போன துணி. பர்ரென்று கிழிந்து பிள்ளை மேலே போயிற்று, கவுனின் கீழ்ப்பாதி தட்டிலேயே தங்கிவிட்டது. தராசில் பிள்ளை இல்லை. இருந்தும் அது பதினோரு ராத்தல் காட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸின் கையில் விலா எலும்பு தெரிய லியோனார்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈயக்குண்டுகள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருண்டு தரையெல்லாம் ஓடின. கூடம் முழுக்கச் சிரித்தது. லோகநாதன்தான் அதிகம் சிரித்தான். சிரிக்கமாட்டானா? பரிசு அவன் பிள்ளைக்கு. பரிசுப் பாலை ஊற்ற ஒப்பந்தம் எடுத்தவனும் அவனேதான். இனி ஆறு மாதம் லோகநாதன் தினம் அரைப்படி கறந்து லோகநாதன் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும். அதிலாவது தண்ணீர் கலக்காமல் இருந்தானோ என்னவோ.

"தப்புதான் தாயே" என்றான் செல்வநாதன். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ளை ஏற்கெனவே கொளுத்துக் கீது. அதுக்கு எதுக்குப் பாலு?"

அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆரோக்கியத்துக்குத்தான் பரிசு. உங்களுக்கு வேண்டியது அறிவுரை. இப்படி வாருங்கள்" என்று இருவரையும் உள்ளறைக்கு அழைத்துப் போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நர்ஸும் பின்னால் வந்தாள்.

அங்கே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் ஒரு டம்ளர் பால், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு கமலாப்பழம். நல்ல உணவு எது என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. அம்மாள் டம்ளரைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியது இதுதான்."

"இதத்தானா?"

"இதையேதான்."

"எப்போலேர்ந்துமா?"

"இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்."

"சரிம்மா" என்று செல்வநாதன் மரியாதையாக இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி லியோனார்டின் வாயில் வைத்தான். அம்மாளுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் பாதி டம்ளர் போய்விட்டது. பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்க எந்த டாக்டருக்குத்தான் மனசு வரும்?

"இந்த முட்டை யாருக்கும்மா?" என்று கேட்டாள் டோரதி.

"பால் கொடுக்கும் தாய்க்கு" என்றார் அம்மாள், பழக்க தோஷம். டோரதி அதையும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள். கமலாப்பழம் குடும்பத்தில் எல்லாருக்கும் நல்லதென்று தெரியவந்ததால் செல்வநாதன் மடியில் கட்டிக்கொண்டான்.

பால் தீர்ந்தது. நர்ஸ் டம்ளரை வாங்கப் போனாள். லியோனார்ட் விடவில்லை. அவள் இழுத்தாள். உடனே பாருங்கள், பிள்ளை வீறிட்டு அழுதான். பள்ளிக்கூடம் அதிர்ந்தது, வாசலில் பக்ருதீன் தடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மகனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று டோரதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் முட்டையை வாயில் வைத்துக்கொண்டே அழுதாள்.

"அம்மா, நாளைக்கும் இந்த மேசை இருக்குமா?" என்றான் செல்வநாதன்.

அம்மாள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழு நாளும் இருக்கும்" என்றார் மெதுவாக.

"அப்போ ஏளு நாளும் வந்து கத்துக்கிறோம்."

வந்தார்கள். இரண்டாம் நாள் ரோசியும் பிள்ளைகளோடு வந்தாள். கிழிந்த கவுனுக்கு அதுதான் ஈடு. மூன்றாம் நாள் குப்பத்தில் பாதி வந்தது. அம்மாள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தினம் டம்ளர்களைக் கூட்டிக்கொண்டே போனார். லியோனார்ட் ஒரு வாரத்தில் அரை ராத்தல் ஏறினான். எட்டாம் நாள் செல்வநாதன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேசை இல்லை.

சீமாட்டிகளின் சங்கம் கூடி அறிக்கை எழுதியது. உணவு பற்றிய அறிவுரையில் ராயபுரத்து ஜனங்களுக்குள்ள ஆர்வம் வேறெங்கும் கண்டதில்லை, எனவே அடுத்த வருஷம் கூடுதலாக நடத்தலாம் என்று எழுதினார்கள். காட்சிப் பொருள்கள் எப்படியோ தினமும் தீர்ந்துபோவதால், அவற்றை மட்டும் களிமண்ணில் செய்து வர்ணம் பூசி வைப்பது சிக்கனம் என்றும் எழுதினார்கள். ஃப்ளோரன்ஸ் அம்மாள் ஒருவர்தான் கூடாது என்றார். ஒருவர் சொல்லி என்ன ஆகும்?

அடுத்த வருஷம் லியோனார்ட் நடந்தே வந்தான். கால் குச்சிதான், ஆனாலும் நடை உண்டு. உள்ளறைக்குள் யாரும் கூப்பிடாமலேயே புகுந்து, எம்பி, மண் டம்ளரை எடுத்து வாயில் சாய்த்தான். ஒன்றும் வரவில்லை. உள்ளே பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது. தலைகீழாகக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினான். அப்புறம் பக்கத்தில் நின்ற ஃப்ளோரன்ஸ் அம்மாளின் புடவையைப் பிடித்து இழுத்து, நிரப்பித் தரச் சொல்லி டம்ளரை நீட்டினான்.