கேத்தேர் சந்தையில் காதுகள் மூடிக்கொண்ட விதம்

கேத்தேர் சந்தையில் அவ்ரலா அந்த விஷயத்தை வாய்விட்டுச் சொன்ன சனிக்கிழமை காலையில், அங்கே நின்றிருந்த ஆண்கள் எல்லோருடைய காதுகளும் தாமாகவே தைத்துக்கொண்டு மூடின. அந்த வாரம் செம்மறி நல்ல விலைக்குப் போனது. ஜித்தாவுக்குப் போகும் கப்பல் பெர்பெரா துறையில் காத்திருந்தது. மற்றபடி குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. தையல் சுத்தமாகத்தான் விழுந்திருந்தது. காதின் முன்னோரத்தையும் பின்னோரத்தையும் இழுத்துச் சேர்த்து, வேலமுள் குத்தி எடுத்ததுபோல வரிசையாகப் புள்ளிகள். அடியில் ஒரு சோளமணி நுழையும் அளவுக்குத் துவாரம். தேவையானது போக வர அது போதும் என்று பிற்பாடு அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

அவ்ரலா ஒட்டகப்பால் விற்கிறவள், தரகன் ஸமதரின் மனைவி. மகள் எப்லாவுக்கு ஏழு வயது நடந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பிள்ளைக்கு முடித்துவிடலாம் என்று மாமியார் தஹபோ அறுப்புக்காரிக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். கேத்தேரில் இதைச் செய்யலாம், செய்யச் சொல்லலாம், செய்து முடித்து ஆட்டுக்கறி ஆக்கி அக்கம்பக்கத்துக்கு அனுப்பலாம். பேச மட்டும் கூடாது, பேசினால் மானம் போய்விடும். ஹர்கெய்ஸா நகரத்திலிருந்து இதை நிறுத்தச் சொல்லிக் கூட்டம் போட வந்தவர்கள்கூட ‘பெண்கள் நலம்’ என்றுதான் துணியில் எழுதிக் கட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் போய் சமோசா தின்றுவிட்டு, நலம் நல்லதுதான் என்று ஏகமனதாக ஒப்புக்கொண்டு ஏப்பம் விட்டபடி திரும்பினார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவ்ரலா அந்தச் சனிக்கிழமை பால் குடுவையைக் கீழே வைத்தாள். லாரியில் ஒட்டகம் ஏற்றுகிற மண்மேட்டின் மேல் ஏறினாள். பால் இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“ஏழு வயசுல என்னைப் பிடிச்சு அமுக்கி அறுத்துத் தெச்சாங்க. கல்யாணத்துக்குப் பிரிச்சாங்க. பிள்ளை பெத்தப்ப மறுபடி பிரிச்சாங்க, மறுபடி தெச்சாங்க. மாசாமாசம் சுருண்டு கிடக்கறேன். எப்லாவை நான் தரமாட்டேன்.”

ஒருவன் தஸ்பீஹ் மணியை எண்ண ஆரம்பித்தான். ஒருவனுக்கு இருமல் வந்தது. இரண்டு பேர், மேகமே இல்லாத வானத்தில் மழைக்குறி பார்த்தார்கள். ஸமதர் அப்போது ஒரு ஒட்டகத்தின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தான். மணல்காற்று அடிக்கும்போதுகூட பெண்டாட்டி குரலை அடையாளம் கண்டுகொள்கிறவன் அவன். கேட்டான். கேட்டுவிட்டு, முகத்தை ஒட்டகத்தின் வாய்க்குள் இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டான். அங்கேதான் அவன் காதுகள் மூடின. ஒட்டகத்தின் காதுகள் மூடவில்லை.

வியாபாரம் படுத்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். கேத்தேரில் துண்டு போட்டுத்தான் பேரம். வாங்குகிறவன் கையும் தரகன் கையும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்ளும், வாய் தேநீர் குடிக்கும். விரலைப் பிடித்தால் விலை, உள்ளங்கையைச் சுரண்டினால் யோசிக்கலாம், கை மூடினால் பேரம் இல்லை. இதற்குக் காது எதற்கு? ஒரு வாரத்தில் சந்தை பழையபடி ஓடியது. புரா நகரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து, சின்னதாகக் கீறினால் திறந்துவிடும் என்றார். அவ்வளவு மென்மையான இடத்தில் கத்தியா என்று பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் வெளிறிப்போனார்கள். வேதத்தில் இந்த வழக்கத்துக்கு இடமில்லை என்று பள்ளிவாசல் இமாம் வெள்ளிக்கிழமைதோறும் சொன்னார், காதுக்கும் சேர்த்துச் சொன்னார், சபை பயபக்தியோடு தலையாட்டியது. ஒருவருக்கும் கேட்கவில்லை.

மறு வருஷத்துக்குள் அது கௌரவமாகிவிட்டது. சந்தைக்கு அன்று வராதவர்கள் வெட்கப்பட்டு, தாங்களும் தைத்துக்கொண்டார்கள். திறந்த காதுக்காரன் என்பது வசவாயிற்று, சின்னப் பையன்கள் அதைச் சொல்லிக் கல்லெறிந்தார்கள். முழுத்தையல் எல்லாம் பழங்காலம், நாங்கள் மடலில் லேசாக ஒரே ஒரு தையல்தான் போட்டுக்கொள்கிறோம் என்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்லித் திரிந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்களின் காதுகளுக்கு மட்டும் எதுவும் நேரவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை.

முதல் விடுமுறைக்கும் அடுத்ததற்கும் அவ்ரலா மகளைத் தூக்கிக்கொண்டு, தெற்கே ஒட்டகம் மேய்க்கிற அண்ணனிடம் போய்விட்டாள். மூன்றாவது வருஷம் மழை பொய்த்தது. மேய்ச்சல்காரர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள், அண்ணன் எங்கே இருக்கிறான் என்று அண்ணனுக்கே தெரியாது. தஹபோவுக்கு இது தோதாயிற்று. வியாழக்கிழமை என்று நாள் குறித்தாள். அவ்ரலா மண்ணெண்ணெய்ப் புனலைக் கழுவி எடுத்துவந்து, புருஷனின் காதுத் துவாரத்தில் வைத்துப் பேசினாள்.

“மனுஷா, கேக்குதா?”

“பால் விலையா?”

“உன் மக விலை. வியாழக்கிழமை அறுப்புக்காரி வராளாம்.”

“அது பொம்பளைங்க சமாச்சாரம்.”

“அறுக்கறது பொம்பளை. யாருக்காக அறுக்கறாளாம்? ஒட்டகத்துக்கா?”

தஹபோ அடுப்படியிலிருந்து, “நாளைக்கு எவன்டி கட்டுவான் இவளை? கதவில்லாத வீட்டுக்குள்ள நாய்தான் நுழையும்,” என்றாள்.

“உங்க வீட்டுக்குக் கதவு இருக்கு அத்தை. உள்ள யாரு உக்காந்திருக்கான்னு பாருங்க.”

ஸமதர் புனலை மெல்ல விலக்கிவிட்டுத் தொழப் போனான். அவனுக்கும் பிள்ளை மேல் ஆசைதான். அவ்ரலா மாதம் ஒருமுறை பாயில் சுருளும்போது கிழக்குப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். ஆனால் அறுக்காத பெண்ணின் அப்பன் என்ற பெயரோடு சந்தையில் யார் முகத்தில் விழிப்பது? ஊரே ஒரு பக்கம் நிற்கிறது என்று நினைத்தான்.

மறுநாள் ஹாஜி காஹினோடு ஒரு கிழட்டு ஒட்டகத்துக்குப் பேரம். காஹின் ஊருக்கே பெரியவர், எல்லோருக்கும் அதேர், அதாவது சித்தப்பா. மரத்தடிக் கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையது. தன் பேத்திகள் அத்தனை பேருக்கும் காலாகாலத்தில் முடித்தவர். துண்டுக்கு அடியில் விலை படிகிற நேரத்தில் எப்லா பால்குடுவையோடு எதிரே போனாள். ஸமதர் என்ன நினைத்தானோ, தாடையால் அவளைக் காட்டிவிட்டு, இவளையும் அறுக்க வேண்டுமா என்று கேட்பதுபோலத் தன் சுண்டுவிரலை ஹாஜியின் கையில் வைத்தான். ஹாஜியின் கை அந்தச் சுண்டுவிரலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தது. பிறகு அதை உள்ளே வைத்து இறுக மூடிக்கொண்டது. பேரம் இல்லை. துண்டுக்கு மேலே ஹாஜியின் முகம், இந்த வருஷம் புல் மட்டம் என்பதுபோல இருந்தது.

ஸமதர் அன்று முழுக்கத் தேவையில்லாமல் பேரம் பேசினான். செம்மறித் தரகன், வெள்ளாட்டுத் தரகன், தோல் வாங்குகிறவன், லாரிக்காரன் என்று ஒவ்வொரு துண்டுக்கு அடியிலும், எப்லா பால் விற்கிற பக்கம் தாடையைக் காட்டி, சுண்டுவிரலை வைத்தான். ஒவ்வொரு கையும் மூடியது. ஒன்றிரண்டு கைகள் வேர்த்து மூடின. சந்தையில் ஒருத்தனுக்கும் வேண்டாம். மற்றவனுக்கு வேண்டும் என்று நினைத்து, ஒவ்வொருத்தனும் தன் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். இப்படி ஒரு கூட்டத்தைக் கோழைகள் என்று சொன்னால் கோழைகள் கோபித்துக்கொள்வார்கள். ஸமதர் வீட்டுக்குப் போய் அவ்ரலாவிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

“எல்லாரும் வேண்டாங்கறாங்க.”

“எங்க சொன்னாங்க?”

“துண்டுக்கு அடியில.”

அவ்ரலா புனலைக்கூடத் தேடவில்லை. அவன் உதட்டைப் படித்துக்கொள்ளும்படி நிதானமாகச் சொன்னாள். “அறுப்புக்காரி துண்டுக்கு அடியிலயா வரா?”

புதன்கிழமை மரத்தடியில் கூட்டம் கூடியது. அவ்ரலாவின் பேச்சால் குலத்துக்கு வந்த இழுக்கை, மகளுக்கு முடித்துத் துடைக்க வேண்டும் என்பது விஷயம். காதுகள் மூடிய பிறகு கேத்தேரில் கூட்டங்கள் மிகவும் ஒற்றுமையாக நடந்தன. ஒவ்வொருவரும் எழுந்து நின்று எதுகை மோனையோடு பாட்டுக் கட்டிப் பேசினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோரும் ஆமோதித்தார்கள். அன்றும் அப்படியே. பாட்டுக்குப் பாட்டு, முடிக்க வேண்டியதுதான் என்று முடிந்தது. பெண்கள் பால்குடுவைகளோடு தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸமதர் ஹாஜிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டைப் போட்டான். சுண்டுவிரலை வைத்தான். வாய் இப்படிப் பேசி முடித்த கையோடு, ஹாஜியின் கை அதை மூடியது.

கேத்தேரில் கொலைக்கு ஒட்டகம் கொடுத்துச் சமாதானம் ஆகலாம். பேரத்தின் நடுவில் துண்டைத் தூக்குவதற்குச் சமாதானம் கிடையாது, யாரும் தூக்கியதும் கிடையாது. ஸமதர் தூக்கினான். வெயிலில் அந்தக் கை கிடந்தது, சுண்டுவிரலைச் சிசுவைப்போல உள்ளே வைத்துக்கொண்டு. ஹாஜிக்கு விடவும் தெரியவில்லை.

“எப்லாவை அறுக்க விடமாட்டேன்,” என்றான் ஸமதர். “இவரும் வேண்டாங்கறார். நீயும் வேண்டாம்னே, தோல்காரா. நீயும்தான்.”

சொல்லச் சொல்ல அவன் காதுகள் பிரிந்தன. தையல் ஒவ்வொன்றாகத் தெறித்தது, ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது, அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினான். ஒரு தடவை பிரிப்பதற்கே இப்படிக் கத்துகிறானே என்று பால்காரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆண்கள் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, தேநீர்க்கடையைப் பார்த்து நடந்தார்கள். ஹாஜி மட்டும் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் போனார்.

வியாழக்கிழமை அறுப்புக்காரி வந்தாள். ஸமதர் காதில் கட்டுப் போட்டுக்கொண்டு வாசலை அடைத்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி முடியாது என்றான்.

“கத்தாதேப்பா, எனக்கு நல்லாவே காது கேக்கும்,” என்றாள் அவள். “முப்பது வருஷமா இந்த வேலை. வாசலுக்கு வந்து வேண்டாம்னு சொன்ன முதல் அப்பன் நீதான். நீங்க யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ஒரு மளிகைக்கடை வெச்சிருப்பேன்.” உள்ளே பார்த்து, “தஹபோ, ஒரு தேநீராவது குடு,” என்றாள். குடித்துவிட்டுப் போனாள்.

துண்டைத் தூக்கியவன் கையோடு யாரும் கை வைக்கவில்லை. தரகு போயிற்று. அவன் பெண்டாட்டியின் பாலைச் சைக்கிளில் வைத்து விற்றான். அதைவிடக் கஷ்டம், விடுமுறைக் காலை நேரங்கள். மற்ற ஆண்கள் வாசலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பல் குச்சி மெல்லுகையில், எந்தெந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் அலறுகின்றன என்று ஊர் ஆண்களிலேயே அவனுக்கு மட்டும் கேட்டது. அந்த வீட்டின் முன் சைக்கிளை நிறுத்திக் கதவைத் தட்டி, உள்ளே நடப்பதன் பெயரைச் சத்தமாகச் சொல்வான். திட்டுவார்கள், தண்ணீரை ஊற்றுவார்கள். எப்போதாவது, உள்ளே ஒரு அப்பன் தயங்கித் தயங்கித் தானும் அந்தப் பெயரைச் சொல்வான், உடனே அவன் காதைப் பிடித்துக்கொண்டு அலறுவது தெருவுக்குக் கேட்கும்.

இப்போது எப்லா ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டாள். கேத்தேரில் பாதி ஆண்பிள்ளைகள் மூடிய காதோடுதான் பிறக்கிறார்கள், மருத்துவச்சிகள் அதைக் குறையாகச் சொல்வதில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் நிறைய. வந்ததும் மாப்பிள்ளைப் பையனை அவ்ரலாவும், எவன் கட்டுவான் என்று கேட்ட அதே தஹபோவும் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், விளக்கைத் தூக்கிப் பிடித்து, இரண்டு காதையும் நன்றாகப் பார்க்கிறார்கள். தஹபோவுக்குக் கண் மங்கிவிட்டதால் விரலால் தடவியும் பார்க்கிறாள். பையன்கள் வெட்கத்தால் முகம் சிவந்து நிற்கிறார்கள். திறந்திருந்தால் தேநீர் வரும். மூடியிருந்தால், கௌரவமான குடும்பம், வேறு நல்ல இடமாக அமையட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.