பேசினில் இருந்த பச்சைத் தண்ணீர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யெர்கர் காப்பி குடிக்கப் போனான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

மர அறுவை ஆலையில் முப்பத்தோரு வருஷமாக உழைக்கிறவன். ஒன்பது மணிக்குச் சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். கட்டை பாதி அறுந்து நின்றால் நிற்கட்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த இருபது நிமிஷம் தொழிற்சங்கம் சண்டை போட்டு வாங்கியது. அதில் ஒரு நிமிஷத்தை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தாலும் அவனுடைய அப்பாவுக்குப் பிடிக்காது. அப்பாவும் அதே ஆலையில் இடது கையின் இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்தவர். வீட்டில் சங்கு கிடையாது, ஆனால் யெர்கரின் வயிறு ஒன்பது மணிக்கு ஊதியது. ஷெட்டில் மோட்டார்சைக்கிளின் ரேடியேட்டரிலிருந்து வடிந்த பச்சைக் கூலன்ட், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், நீல பேசினில் கிடந்தது. ஸ்பேனரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனான். நாய் ஷெட்டிலேயே கிழிந்த கம்பளத்தில் படுத்திருந்தது.

நான்கு வருஷமாக அவனுக்கு இலையுதிர் காலம் பிடித்திருந்தது. அதற்கு முன்பெல்லாம் அக்டோபர் என்றால் குடிதான். இருட்டு சீக்கிரம் வருகிறது என்று குடிப்பான், மழை என்று குடிப்பான், மழை விட்டதற்கும் குடிப்பான். குடித்துவிட்டு ஓட்டி லைசன்ஸ் போனது, காரை விற்றான். பெண்டாட்டி அதற்கு முன்னாலேயே போயிருந்தாள். லைசன்ஸ் திரும்பக் கிடைத்தபோது கார் வாங்கவில்லை. இருபது வருஷப் பழைய ஜப்பான் மோட்டார்சைக்கிள் ஒன்று வாங்கினான். குடித்தவனால் அதன்மேல் விழாமல் உட்கார முடியாது, அதனால்தான் வாங்கினான். குடியை விட்ட ஆறாவது மாதம் நாய் வந்தது. சாம்பல் நிறம், வேட்டை நாயின் கலப்பு, பெயர் டூஸ்ஸா. காலை ஆறு மணிக்கு அதை வெளியே கூட்டிப் போக வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் முந்தின ராத்திரி குடிக்க முடியாது. கணக்கு அவ்வளவு சுலபம் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது வருஷா வருஷம் அக்டோபரில் இரண்டு வார லீவைச் சேர்த்து வைத்து எடுப்பான். ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட், விறகு ஷெட்டின் கதவுக்குப் புதுக் கீல், கூரை ஓரத்தில் அடைத்த இலைகளை வாரிப் போடுவது. வெயில் அடித்தால் ஏரியைச் சுற்றி வண்டியில் ஒரு சுற்று. வெள்ளிக்கிழமைதான் கடைசிச் சுற்று போய் வந்தான். பிர்ச் மரங்கள் மஞ்சளாகி நின்றன, ரோட்டில் இலை ஈரமாக ஒட்டிக் கிடந்தது. வளைவுகளில் கிழவன் மாதிரி மெதுவாகத் திருப்பினான். சனிக்கிழமை கூலன்டை மாற்றி, பேட்டரியைக் கழற்றி, வண்டியைக் குளிர்காலத்துக்கு மூடிவிடுவது என்று ஏற்பாடு.

காப்பி குடித்து இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்றுவிட்டு வெளியே வந்தவனுக்கு வெயில் கண்ணில் பட்டது. பெயின்ட் காய இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. ஷெட்டுக்குப் போகாமல் ஏணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

பதினொரு மணி இருக்கும். டூஸ்ஸா முற்றத்தைக் கடந்து வந்தது. பின்னங்கால்கள் ஒரு பக்கமும் முன்னங்கால்கள் இன்னொரு பக்கமும் போயின. வேலியில் மோதி உட்கார்ந்தது. வேலி ஏன் வந்து மோதியது என்பதுபோல் அதைப் பார்த்தது.

அடுத்த வீட்டு மாய்வோர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. படுத்துக்கிடக்கும் கிழவர் கிழவிகளின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு வரும் வேலை.

"டேய் யெர்கர், நீ விட்டதை உன் நாய் பிடிச்சுக்கிச்சு போலிருக்கே!"

யெர்கர் ஏணியிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆப்பிளாத்தான் இருக்கும். மரத்தடியில பாரு, ஒரு வண்டிப் பழம் அழுகிக் கிடக்கு."

"போன வருஷம் இந்த மரத்தடியிலதான ஒரு கடமான் குடிச்சுட்டு என் தபால்பெட்டியோட சண்டைக்கு நின்னுச்சு."

"அது தபால்பெட்டி மேல தப்பு. முறைச்சுப் பாத்திருக்கும்."

"நாளைக்குத் தலைவலிக்கும் அதுக்கு. நீதான் அனுபவஸ்தன், வைத்தியம் சொல்லிக் கொடு."

இருவரும் சிரித்தார்கள். அந்த ஊரில் அக்டோபர் மாதம் தள்ளாடும் எந்த மிருகத்தைப் பார்த்தாலும் ஆப்பிள் என்றுதான் எவனும் சொல்வான். விழுந்த ஆப்பிள் புளித்துச் சாராயமாகும், கடமான் தின்னும், முயல் தின்னும், குடித்தவன்போல் நடக்கும், மறுநாள் சரியாகிவிடும். யெர்கர் இறங்கி வந்து நாயைத் தூக்கித் தாழ்வாரத்தில் வெயில் படும் இடத்தில் படுக்க வைத்தான். தலையைத் தட்டி, "தூங்கி எழுந்திரு, கழுதை" என்றான். பிறகு ஏணிக்குப் போனான்.

ஒன்றரை மணிக்கு ஷெட்டுக்குப் போனபோது பேசினைப் பார்த்தான்.

வண்டியில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூலன்ட் பிடிக்கும். முழுதும் வடித்திருந்தான். இப்போது பேசினின் அடியில் தட்டையாகக் கொஞ்சம் கிடந்தது. தரை ஈரமில்லை. பேசினின் விளிம்பில் சாம்பல் மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. அந்தத் தண்ணீர் இனிப்பான விஷம் என்று அவனுக்குத் தெரியும். ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

மிருக ஆஸ்பத்திரிக்கு போன் போட்டான். நூற்றுப்பத்து கிலோமீட்டர். எடுத்தவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள், பிறகு வேகமாகச் சொன்னாள்.

"உடனே கிளம்புங்க. வீட்ல வோட்கா இருக்கா?"

"என்னது?"

"வோட்கா, இல்ல வேற எதாவது வெள்ளைச் சரக்கு. பாதிக்குப் பாதி தண்ணி கலந்து வாயில கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அந்த விஷம் கிட்னிக்குப் போறதை அது கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும். இங்க வந்ததும் மாத்து மருந்து நாங்க குடுக்குறோம். சரக்கு இருக்கா?"

"இல்ல," என்றான் யெர்கர். "என் வீட்ல இல்ல."

சரக்கு விற்கும் அரசாங்கக் கடை நாற்பது கிலோமீட்டர். சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். மணி ஒன்று நாற்பது. வண்டி ரேடியேட்டர் திறந்தபடி நிற்கிறது. ஓடிப் போய் மாய்வோர் கதவைத் தட்டினான்.

"மாய்வோர், வோட்கா வேணும். உன் வண்டியும் வேணும். நாய் கூலன்டைக் குடிச்சுடுச்சு. டாக்டர் சரக்கு குடுக்கச் சொல்றாங்க."

அவள் முகம் மாறியது. அந்த முகத்தை அவன் நான்கு வருஷத்துக்கு முன் நிறையப் பார்த்திருக்கிறான்.

"நாய்க்கா?"

"நாய்க்குத்தான்."

"யெர்கர். ஒரு தடவை வந்து பூட்டு உறைஞ்சுபோச்சு, மேல ஊத்தணும்னு கேட்ட. ஒரு தடவை முதுகுல தேய்க்கணும்னு கேட்ட. உன் செத்த மாமனார் போட்டோ முன்னால வைக்கணும்னு கேட்டது ஞாபகம் இருக்கா?"

"அது அப்ப."

"கடைசி பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில குடுத்து நீயே சொன்ன. இனிமே நான் என்ன சொல்லிக் கேட்டாலும் குடுக்காத, அழுதாலும் குடுக்காதன்னு சொன்ன. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"இப்ப அழுவுற."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லும்போதும் பழைய பொய்களைச் சொன்ன அதே வாய்தான். அவள் அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கத்தினால் குடிவெறி என்பாள், கெஞ்சினாலும் அதையேதான் சொல்வாள்.

"உள்ள வா, காப்பி போடறேன். சேர்ந்து உக்காரலாம். இது தாண்டிப் போயிடும்," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அவன் திரும்பி ஓடினான். நாயைத் தூக்கினான். இருபத்தெட்டு கிலோ, தோளில் ஈரச் சாக்கு மாதிரி தொங்கியது. வேலியைச் சுற்றி வந்து அவள் வாசற்படியில் இறக்கியபோது அது பச்சையாக வாந்தி எடுத்தது.

மாய்வோர் வாந்தியைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். பிறகு உள்ளே போய் வோட்கா பாட்டிலையும், நோயாளிகளுக்கு மருந்து ஊற்றும் பிளாஸ்டிக் சிரிஞ்சையும், கார் சாவியையும் எடுத்து வந்தாள். அவன் கதவைத் தட்டியதிலிருந்து கால் மணி நேரம் போயிருந்தது.

காரை அவள் ஓட்டினாள். பின் சீட்டில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு யெர்கர் கலந்தான், உறிஞ்சினான், கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். பாதி அவன் கையில் வழிந்து சட்டைக் கைக்குள் போனது. காருக்குள் அந்த வாசனை நிறைந்தது. அவன் நாக்கு ஊறியது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு மறுபடி உறிஞ்சினான்.

"நானும் ஆப்பிள்னுதான சொன்னேன்," என்றாள் மாய்வோர், ரோட்டைப் பார்த்தபடி.

"ஓட்டு."

"நான் பாத்தேன்டா, யெர்கர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துச் சிரிச்சேன்."

"ஓட்டுன்னு சொல்றேன்ல."

முன்னால் ஒரு மரலாரி போய்க்கொண்டிருந்தது. இருபது கிலோமீட்டருக்கு அதை முந்த இடம் கிடைக்கவில்லை. அதில் அடுக்கியிருந்த கட்டைகள் அவன் ஆலைக்குப் போகும் கட்டைகள்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூக்கில் வளையம் போட்ட சின்னப் பெண்தான் டாக்டர். வோட்கா நாறும் சட்டையோடு யெர்கர் நாயைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்ததும் ஒரு அடி பின்னால் போய், மாய்வோரிடம் கேட்டாள்.

"வண்டி ஓட்டினது யாரு?"

"நான்தான். அவன் குடிக்கல. நாய்தான் குடிச்சுச்சு, ரெண்டு தடவை."

டாக்டர் சிரிக்கவில்லை. நாயை மேசையில் கிடத்தி, காலில் மயிரை வழித்து ஊசி போட்டாள்.

"எத்தனை மணிக்குக் குடிச்சுது?"

"ஒம்பது, ஒம்பதரைக்குள்ள."

"எப்ப தள்ளாட ஆரம்பிச்சுது?"

"பதினோரு மணிக்கு."

"அப்பவே ஏன் கூப்பிடல?"

யெர்கர் தரையைப் பார்த்தான். "ஆப்பிள்னு நெனச்சோம்."

"வருஷா வருஷம் யாராவது இதைச் சொல்லிட்டு வராங்க," என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "மூத்திரம் போகணும். போனா கிட்னி இன்னும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். வீட்டுக்குப் போங்க. நீங்க இங்க இருந்து செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அவன் செய்வதற்கு எங்கேயும் ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது, கூட்டிப் போக யாருமில்லை. பேசினைக் கழுவினான். மறுபடி கழுவினான், பிறகு கோடரியால் அதை நாலாகப் பிளந்து குப்பையில் போட்டான். ஆப்பிள்களை எல்லாம் வாரிச் சாக்கில் கட்டினான், அவற்றின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று தெரிந்தும். பிறகு ரேடியேட்டரை மூடி, குழாய்களை மாட்டி, வாங்கி வைத்திருந்த புதுக் கூலன்டை எடுத்தான். மூடியைத் திறக்க முடியவில்லை. கை திறக்க மறுத்தது. அதை வைத்துவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றினான்.

நான்கு தடவை போன் போட்டான். காலையில் கொஞ்சம் மூத்திரம் போனது என்றார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை இருந்தான். வேலி ஓரம் போய் மாய்வோரிடம், "மூத்திரம் போச்சாம்" என்றான். குழந்தை பிறந்ததுபோல் சொன்னான். அவளும் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். சாயங்காலம் கேட்டபோது, அதற்கப்புறம் போகவில்லை என்றார்கள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த டாக்டரே கூப்பிட்டாள்.

"நேத்திலருந்து ஒரு சொட்டும் இல்ல. ரத்தத்துல அளவு ஏறிக்கிட்டே போகுது. உடம்பு வீங்குது. அதுக்கு வலிக்குது. இனிமே தள்ளிப்போட்டா நமக்காகத்தான் தள்ளிப்போடறோம், அதுக்காக இல்ல. நீங்க வரீங்களா, இல்ல கடைசி ஊசியை நாங்களே போட்டுடட்டுமா?"

"வரேன். நான் வர்றவரைக்கும் எதுவும் செய்யாதீங்க."

மாய்வோர் காரோடு வேலைக்குப் போயிருந்தாள், எங்கோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். பஸ் நாலரைக்குத்தான். யெர்கர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து உதைத்தான். நூற்றுப்பத்து கிலோமீட்டரும் மழை பெய்தது. கையுறைக்குள் தண்ணீர் போனது. வேகமாகப் போனால் சீக்கிரம் முடிந்துவிடும், மெதுவாகப் போனால் அதற்கு அவ்வளவு நேரம் வலிக்கும். இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல், ரோட்டில் ஒட்டிக் கிடந்த இலைகள் விட்ட வேகத்தில் போனான்.

டூஸ்ஸா ஒரு போர்வையில் கிடந்தது. அவன் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்து அதன் கழுத்துக்குக் கீழே கையை விட்டான். கண் திறந்திருந்தது. வால் ஒரு தடவை அசைந்தது, அல்லது அசைந்ததாக அவன் நினைத்துக்கொண்டான். நர்ஸ், "எதாவது பேசுங்க, கேக்கும்" என்றாள். "ரோட்டுல மழை," என்றான். "எல்லா எடத்துலயும் மழை."

டாக்டர் ஊசியோடு வந்து பக்கத்தில் மண்டியிட்டாள்.

"செய்யலாமா?"

"வேணாம்," என்றான்.

அவள் காத்திருந்தாள். வெளியே யாரோ ஒரு பூனைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாயின் மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"செய்யலாமா?"

"வேணாம்."

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. நாய் முனகியது. யெர்கரின் வாயிலிருந்து சம்மதம் வரவேயில்லை. அவன் கைதான் கழுத்தடியிலிருந்து மெல்ல வெளியே வந்து, மயிர் வழித்திருந்த அந்த முன்னங்காலை எடுத்து, ஆலையில் ரம்பத்துக்குப் பலகையை நேராக நீட்டிப் பிடிப்பதுபோல் அவள் பக்கம் ஆடாமல் பிடித்துக்கொண்டது.