முற்றாத காய் என்று நான் எழுதியது

1

இந்தக் கதை ஒரு பொய் வரியிலிருந்து பிறந்தது. எழுதியவன் நான்தான். எங்கள் விதைக் குழுவின் மாத இதழில், மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி வந்தது: “காட்டுக் காசித்தும்பை விதைகள் முளைக்காததற்குக் காரணம், காய்கள் முற்றும் முன்பே பறிக்கப்பட்டதுதான்.” பறித்தது என் அக்கா. அவளும் அதே குழுவில் இருந்தவள், எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. குழுவின்மேல், செயலாளர்மேல், இதைப் படிக்கிற உங்கள்மேல்கூட. ‘பாவம், மனசாட்சி உள்ள மனுஷன்’ என்று இந்நேரம் நினைக்க ஆரம்பித்திருப்பீர்கள். நிறுத்துங்கள். அப்படி நினைக்க வைக்கத்தான் தப்பை முதல் பத்தியிலேயே ஒப்புக்கொள்வது. எனக்கு அந்த வித்தை நன்றாகவே தெரியும்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

‘மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அக்கா —’ [மழையே இல்லை. மத்தியானம். நல்ல வெயில்.]

‘ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்சுவரில் மஞ்சள் நிறக் கனவுகள் —’ [சீ.]

சரி, நடந்தது இது. அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளையும் அறுவைச் சிகிச்சைத் துணிகளையும் கொதிநீரில் போட்டு எடுக்கிற வேலை. பின்பக்கம் ஒரு குழாய் பல வருஷமாக ஒழுகுகிறது. அந்த ஈரச் சுவரில் மஞ்சள் பூ பூத்திருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் படம் எடுத்து அனுப்பினாள். “இது உன் தொட்டிப் பூவுக்குச் சொந்தமாடா?”

நான் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். பூதக்கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. அவள் கொண்டுவந்த ஒரு கிளையை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். தோட்டத்துக் காசித்தும்பை தண்டோடு ஒட்டிக்கொண்டு பூக்கும். இது நூல் மாதிரி நீண்ட காம்பில் தொங்கியது. பூவுக்குப் பின்னால் சுருண்ட வால். காய் மட்டும் அதே காய். விரல் பட்டதும் வெடித்து விதையை என் கண்ணாடியில் அடித்தது.

“சொந்தம்தான், பெரியப்பா வீட்டுச் சொந்தம்” என்றேன். முகஜாடை ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

3

அடுத்த மாதம் சுவரைப் பூசப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். குழாயையும் மாற்றப்போகிறார்கள். அக்காவுக்கு மூன்று வாரம் இருந்தது.

புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் கழித்துப்போட்டதைச் சின்னச் சின்னப் பையாகத் தைத்து ஒவ்வொரு காய்க்கும் கட்டிவிட்டாள். காய் தானாக வெடிக்கும். விதை பைக்குள் விழும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் போய், வெடித்த பைகளை மட்டும் அவிழ்ப்பாள். ஒரு காயைக்கூட அவள் பறிக்கவில்லை.

[மேலே ‘பறித்தது என் அக்கா’ என்று எழுதியிருக்கிறேன். அதுவும் பொய். திருத்தப்போவதில்லை, அப்படியே கிடக்கட்டும். முற்றாத காய் தானாக வெடிக்காது. குழுவில் சேர்ந்து ஒரு வாரம் ஆனவர்களுக்குக்கூட இது தெரியும். அவள் பை கட்டியது மட்டும் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.]

இருநூறுக்கு மேல் ஒன்றிரண்டு விதை. ஈரத் துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“இத காய வச்சிராதடா. ஈரத்துலயே வளர்ந்தது. ஈரமாவே இருக்கட்டும்.”

“பூஞ்சை புடிக்கும்க்கா.”

“அங்க புடிக்கலயே?”

“இருபது வருஷமா விதை எடுக்கிறேன். எனக்குத் தெரியாதா?”

“தொட்டிப் பூவத்தானேடா எடுத்த” என்றாள்.

நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பத்து நாள் வெயிலில் செய்தித்தாள்மேல் பரப்பி, மொறுமொறுவென்று காய வைத்தேன். உறைக்கு ஐந்து விதை, நாற்பது உறை. ஒவ்வொன்றிலும் என் அழகான கையெழுத்தில் பெயர் எழுதி நாற்பது பேருக்குக் கொடுத்தேன். அதற்குள் சுவரைப் பூசிவிட்டார்கள்.

நாலு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. மீந்த ஒரு விதையைப் பிளேடால் பிளந்து பார்த்தேன். தோட்டத்து விதையின் உள்ளே வெள்ளையாக, கொழுக்கென்று இருக்கும். இதற்குள் பழுப்பாக ஒரு தூள்தான் இருந்தது. அது ஈரத்திலேயே உயிரோடிருக்கிற சாதி. காயக் காயச் செத்திருக்கிறது. பிளந்தது திங்கட்கிழமை. கட்டச் செய்தி எழுதியது புதன்கிழமை. தெரியாமல் எழுதினேன் என்று சப்பைக்கட்டு கட்ட வழியில்லை.

4

இந்த இடத்தில் செயலாளரை வில்லியாக்கலாம் என்று நினைத்தேன். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிற அம்மா. அவருக்கு ஒரு கொடூரச் சிரிப்பு, ஒரு பெரிய மோதிரம் எல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் இலவசமாக இதழ் அச்சடித்துத் தருகிறவர்.

திருத்தம் போடச் சொல்லிப் போனபோது எந்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “சார், யார் தப்புன்னு போட்டா குரூப் ரெண்டாயிரும். ‘இயற்கைக் காரணங்களால்’னு போட்டுருவோம்.”

“இயற்கை என்னங்க பண்ணுச்சு? காய வச்சது நான்.”

“உங்க அக்காதான் குரூப்ப விட்டே போயிட்டாங்களே. இனிமே யாருக்கு சார் திருத்தம்?”

அவரை அடிக்கலாம்போல இருந்தது. ஆனால் பாருங்கள், அந்த நிமிஷம் எனக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

5

அக்கா கடைக்கு வந்தாள். இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இதழை மேசையில் விரித்துவைத்தாள்.

“நான் எப்படா முத்தாத காயப் பறிச்சேன்?”

“உன் பேரப் போடலயேக்கா.”

“போடாட்டி? அந்தச் செவுத்துக்கு நான் போனேனா, வேற எவளாவது போனாளா?” குரலை உயர்த்தவே இல்லை. “மூணு வாரம் மத்தியானச் சாப்பாடு சாப்பிடல நான். நின்னுகிட்டே இருந்தேன். குரூப்புல ஒருத்தர் எழுதுறார், ‘பொறுமை இல்லாதவங்க கையில பூ எதுக்கு’ன்னு. அதப் படிச்சியா?”

படித்திருந்தேன். பதில் போடவில்லை.

“நான் வேணும்னா இத கதையா எழுதுறேன்க்கா. உண்மைய எழுதுறேன்.”

[ஆமாம், இப்படித்தான் சொன்னேன்.]

“எழுது. அதுலயும் நீதான் நல்லவனா இருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பேசவில்லை. என் போனை எடுப்பதும் இல்லை.

6

முடிவுகள் கையிருப்பில் உள்ளன. பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது பேரில் ஒருவர் தொட்டியில் ஒரே ஒரு முளை. [பொய். எல்லாம் செத்துவிட்டது.]

பூசிய சுவரில் ஒரு விரிசல், விரிசலில் இரண்டு பச்சை இலை. [இதை எழுதினால் என் கையை நானே ஒடித்துக்கொள்வேன். சிமெண்டில் விரிசல் விட வைத்தே எத்தனை பேர் தப்பித்துவிட்டோம்.]

அக்கா கடை வாசலில் வந்து நின்று “சாப்பிட்டியாடா?” என்கிறாள். [இந்தக் கேள்வியை வைத்து வெட்கமே இல்லாமல் எத்தனை கதைகளை முடித்திருக்கிறோம். அவள் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்?]

7

நேற்று மத்தியானம் பஸ் ஓட்டுநர் ஒருவர் கண்ணாடி வாங்கிப்போக வந்தார். குழுவில் இருக்கிறவர். ‘பொறுமை இல்லாதவங்க’ என்று எழுதியவர் அவர்தான்.

“இன்னும் தண்ணி ஊத்துறேன் சார். அஞ்சுல ஒண்ணாவது முத்தியிருக்காதா?”

வில்லையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். காஸ் பை, ஈரத் துணி, பத்து நாள் வெயில், திங்கள், புதன், எல்லாம்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “அவங்க சொல்லியும் காய வச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

“ஆமா.”

“தெரிஞ்சும் அப்படி எழுதினீங்களா?”

“ஆமா.”

“நான் அந்தம்மாவ ஒரு வார்த்த சொல்லிட்டேனே சார். உங்கள நம்பித்தானே சொன்னேன்.” புதுக் கண்ணாடியைப் போட்டுக்கூடப் பார்க்காமல் கையில் வைத்துக்கொண்டார். “அவங்க நம்பரக் குடுங்க.”

கொடுத்தேன். வெளியே போய், எதிர்ப்பக்கக் கடையின் நிழலில் நின்று பேசினார். என் போனை எடுக்காத அக்கா அவர் போனை எடுத்திருக்கிறாள். கடையின் கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. முதலில் அவர்தான் பேசினார். பிறகு வெகுநேரம் கேட்டார். ஒரு தடவை தலையைக் குனிந்துகொண்டார், ஒரு தடவை சிரித்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். என் பக்கம் திரும்பாமலே போய்விட்டார்.

என்ன பேசினார்கள் என்று நான் எழுத மாட்டேன். எனக்கு எழுதத் தெரியும். அக்கா எந்த இடத்தில் நிறுத்துவாள், எதைச் சொல்லாமல் விடுவாள், எல்லாம் தெரியும். எழுதினால் மறுபடியும் என் வசதிக்கு அவளைப் பேச வைப்பேன். ஒரு தடவை செய்தது போதும்.

மீதி முப்பத்தொன்பது பேர் இருக்கிறீர்கள். என் கையெழுத்தில் ஒரு உறை வைத்திருந்தால், அதைக் கொட்டிவிடுங்கள். உங்கள் மண்ணிலும் தண்ணீரிலும் கையிலும் ஒரு குறையும் இல்லை. விதைகள் நன்றாக முற்றியிருந்தன, கொன்றது நான். அக்காவைப் பற்றி நீங்களும் ஏதாவது சொல்லியிருந்தால், செயலாளரிடம் அவள் நம்பர் இருக்கிறது. எனக்கு ஆறுதல் சொல்ல யாரும் கடைக்கு வராதீர்கள்.