வெள்ளைத் துணிக்கு மட்டும்

தையல்காரியின் கோபம் ஒரு நாள் கோபம் இல்லை. ஒன்பது மாதம் வயிற்றில் வைத்து வளர்த்த கோபம்.

அந்தக் காலத்தில் மாதர் சங்கம் வியாழக்கிழமைதோறும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பறையில் கூடும். வெறுங்கையோடு வரலாம், வீட்டுக்குறிப்பு ஒன்று இல்லாமல் வரக்கூடாது என்பதுதான் சட்டம். யார் சொன்னாலும் போஸ்ட்மாஸ்டரின் மனைவி அதை ஆள், தேதியோடு நோட்டில் எழுதிவைப்பாள். தலைவி, மில் முதலாளியின் மனைவி. டீ குடித்து முடிப்பதற்குள் அவளுக்கு வண்டி வந்துவிடும். மீதிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அவள் கேட்டதே கிடையாது.

துருக்கறையில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் கறை போய்விடும் என்று தையல்காரி சொன்ன அன்றும் பாதியில் வண்டி வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் அதே குறிப்பு, தலைவியின் படத்தோடு. முதல் பரிசு, காலால் மிதிக்கும் தையல் மெஷின்.

ஊசியால் கைத்தையல் போட்டே விரல்நுனி மரத்துப்போனவள் தையல்காரி. ஒரு மெஷின் இருந்தால் பகல் வெளிச்சத்திலேயே வேலை முடியும், கண்ணாவது மிஞ்சும். அந்த மெஷினோ தலைவி வீட்டுக் கூடத்தில் பூஜாடி தாங்கிக்கொண்டு நின்றது. அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாது!

தையல்காரி நேரே போய்க் கேட்டாள்.

"சங்கத்துல சொன்னா அது சங்கத்துச் சொத்து. இதுக்குப் போய் மூக்கைச் சிந்திட்டு வர்றியே" என்றாள் தலைவி.

தையல்காரி மூக்கைச் சிந்தவில்லை. பத்திரிகையை வாங்கி நான்கு தடவை படித்தாள். கடைசி வரி ஒன்று அதில் இல்லை. இல்லாததைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று காத்திருந்தாள்.

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அந்தப் பத்திரிகையின் ஆசிரியையே வருவதாகக் கடிதம் வந்தது. நாற்காலி போடும் வேலையைத் தையல்காரி கேட்டு வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கைவைத்த இரும்பு நாற்காலி ஒன்றுதான் உண்டு. முதல் நாளே அதை ஈரத்துணியால் துடைத்தாள். காய விடாமல் மறுபடியும் துடைத்தாள்.

ஆசிரியை ஊதா நிறச் சால்வை போர்த்தி வந்தாள். உட்கார்ந்து எழுந்தபோது சால்வை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு.

"அய்யய்யோ! கொடுங்கம்மா, நான் இதுக்குப் பரிசே வாங்கினவளாச்சே" என்று தலைவி தாவி வாங்கினாள்.

எலுமிச்சை வந்தது, உப்பு வந்தது. இருபத்திரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரி அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "பேச நான் இருக்கேன், நீங்க கைதட்டினா போதும்" என்று காலையில்தான் தலைவி சொல்லியிருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தையல்காரி உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

பேச்செல்லாம் முடிந்து வெயிலிலிருந்து சால்வையைக் கொண்டுவந்தபோது துருவைக் காணோம். ஊதாவையும் காணோம். அந்த இடம் தேமல் விழுந்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

"என்னம்மா இது?" என்றாள் ஆசிரியை.

நுணலும் தன் வாயால் கெடும். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா! எல்லாம் இந்தத் தையல்காரி சொன்னது. அவளைக் கேளுங்க!" என்று தலைவி கத்தினாள்.

ஒன்பது மாதமாகத் தையல்காரி காத்திருந்த வார்த்தை அதுதான். எழுந்து நின்றாள்.

"ஆமாம்மா, நான் சொன்னதுதான். எழுதி வெச்சிருக்கு. படிங்கக்கா."

போஸ்ட்மாஸ்டரின் மனைவி நோட்டைப் பிரித்து, தேதி முதற்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "சொன்னவர், தையல்காரி. வெள்ளைத் துணிக்கு மட்டும். சாயத்துணியில் பட்டால் சாயமும் போகும்."

ஆசிரியை சால்வையை மடித்தாள். "அப்போ மெஷின் தப்பான வீட்டுல இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

மறுநாளே மெஷின் வண்டியேறித் தையல்காரி வீட்டுக்கு வந்தது. பலகையில் பூஜாடித் தண்ணீர் ஊறி வெள்ளை வட்டம் ஒன்று விழுந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை தையல்காரி சொன்ன குறிப்பு இது: மரப்பலகையில் தண்ணீர் வட்டம் விழுந்தால், மெல்லிய துணியை மேலே போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்தால் போய்விடும். தலைவி தலைகுனிந்து கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வெளியே வண்டி வெகுநேரம் காத்துக் கிடந்தது.

தையல்காரி மட்டும் தன் பலகையில் இஸ்திரிப் பெட்டியை வைக்கவே இல்லை. துணி தைக்க வருகிறவர்கள் எல்லோரும் "இதென்ன வட்டம்?" என்று கேட்பார்கள். அவளும் மெஷினை நிறுத்திவிட்டு, ஆளை உட்காரவைத்து, முதலிலிருந்து சொல்லுவாள்.