சீட்டுக் கம்பியில் இரண்டு கோடுகள்

முதலில் அதை அக்காவின் தலைமுடி என்றுதான் நினைத்தேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சீட்டுக் கம்பி பிரேமுக்குள் இறங்கும் இடத்தில் கறுப்பாக ஓர் இழை ஒட்டியிருந்தது. துணியால் தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் உள்ளே இறங்கியது. பிரேம் விரிசல் விட்டிருந்தது.

அக்காவிடம் மறைக்க முடியாது. சைக்கிள் அவளுடையது. பதினொரு வருடத்துக்கு முன்னால், வேலை போய், யாருக்கும் முகம் கொடுக்காமல் நான் அறைக்குள் கிடந்த நாட்களில் அவள் வாங்கியது. வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயருமாக, நெடுந்தூரம் வேகமாகப் போகிறவர்கள் ஓட்டும் வகை. காலையில் அவள் ஓட்டுவாள். "சாயங்காலம் சும்மாதானே நிக்குது, வேணும்னா எடுத்துட்டுப் போ. கீறல் விழுந்துச்சு, தோலை உரிச்சிருவேன்" என்றாள். வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்துப் போனேன். மூன்றாம் நாள் நனைந்த சட்டையோடு திரும்பி வந்து, நானாகவே சாப்பாடு கேட்டேன் என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த மாதம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்கா நெட்டை, நான் குட்டை. எனக்கு வரவேண்டிய உயரத்தையும் நீயே எடுத்துக்கொண்டாய் என்று நான் குறைப்படுவேன். நீ வரத் தாமதம், மிச்சம் இருந்ததைத்தானே கொடுப்பார்கள் என்பாள். ஆகவே சீட்டுக் கம்பியில் இரண்டு அடையாளங்கள். கம்பியை மேலே இழுத்து, சிவப்பு நகப்பூச்சால் அவள் போட்ட கோட்டில் நிறுத்தினால் அவள் உயரம். உள்ளே இறக்கி, நான் ஒட்டிய கறுப்பு டேப்பில் நிறுத்தினால் என் உயரம். சாயங்காலம் ஓட்டி முடித்ததும் சீட்டை மறுபடி அவள் கோட்டுக்கு உயர்த்தி, அவள் அறை ஜன்னலுக்கு வெளியே சாய்த்து வைப்பது என் பொறுப்பு.

அவள் ஓட்டுவதை விட்டுப் பத்து மாதம் ஆகிறது. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசைக்கு அவள்தான் தலைமை. ஆளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தால் போதும், டேப் இல்லாமலே அளவு சொல்லிவிடுவாள். ஒரு நாள் அவள் கையிலிருந்து கத்திரி நழுவியது. பிறகு படியில் கால் நழுவியது. நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன, இது திரும்பி வருகிற நோய் இல்லை என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பத்து மாதமும் ஒரு சாயங்காலம்கூடத் தவறாமல் சீட்டை அவள் கோட்டுக்கு உயர்த்தி வைத்துவிட்டுத்தான் நான் கை கழுவினேன். அவளும் ஏன் என்று கேட்டதில்லை.

விரிசலைச் சொன்னபோது, வாங்குவதுதான் வாங்குகிறாய், பழசைவிட நல்ல பிரேமாகப் பார்த்து வாங்கு, ஊதா நிறம் மட்டும் வேண்டாம் என்றாள். அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவள் அளவுக்குத்தான் வாங்குவது. தினமும் படுக்கும் முன் அவளுக்காகக் கடவுளிடம் கை கூப்புகிறவன், போய் என் அளவுக்கு ஒரு பிரேம் வாங்கி வந்தால், கேட்டதை நானே நம்பவில்லை என்றல்லவா ஆகும்?

சைக்கிள் கடைக்காரருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'அவசரம்'. எதையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர் என்பதால் அந்தப் பெயர். கூரையிலிருந்து பிரேம்கள் வரிசையாகத் தொங்கின. ஒரு கார்பன் பிரேமை இறக்கிக் கொடுத்தார். இரண்டு விரலில் நின்றது. இதை அக்காகூடத் தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன். உடனே, தண்ணீர் டம்ளரை அவள் இரண்டு கையாலும் பிடிப்பது ஞாபகம் வந்தது. அந்த பிரேமுக்குச் சீட்டுக் கம்பியும் தனி வடிவம், பழைய கம்பி நுழையாது என்றார். வேண்டாம் என்றேன். பழைய கம்பி நுழைகிற, மெல்லிய எஃகுக் குழாயில் செய்த பிரேம் ஒன்றைக் காட்டினார். பற்றவைத்த இடமே தெரியவில்லை. அடர்ந்த பச்சை நிறம். அக்காவுக்குப் பிடிக்கும்.

"ஐம்பத்தாறு அளவுல குடுங்க" என்றேன். அக்காவின் உயரத்துக்கு அந்த அளவு பிரேம்தான் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "யாருக்கு?"

அக்காவுக்கு, நானும் ஓட்டுவேன் என்றேன். அவர், நான் கொண்டுபோயிருந்த பழைய சைக்கிளைத் தாங்கியில் மாட்டினார். டேப்பை எடுத்து ஒரு தரம் அளந்தார். சந்தேகம்போல இன்னொரு தரம் அளந்தார். பிறகு சீட்டுக் கம்பியை முழுவதும் உருவி வெளிச்சத்தில் பிடித்தார். கம்பியில் பொடிப்பொடியாகச் செதுக்கிய ஓர் எல்லைக்கோடு இருந்தது. அது எப்போதும் பிரேமுக்குள்ளேயே இருக்க வேண்டும், அதற்கு மேல் கம்பியை வெளியே இழுத்தால் பிரேம் தாங்காது என்று விளக்கினார். அக்காவின் சிவப்புக் கோடு அந்த எல்லையைத் தாண்டி மூன்று விரல் கீழே இருந்தது. அவள் உயரத்துக்கு இழுத்தபோதெல்லாம் அந்த எல்லை பிரேமுக்கு வெளியே வந்திருக்கிறது.

"இது ஐம்பத்தொண்ணு தம்பி. உங்க அளவு. கடையில நின்னு அளந்து வாங்கின மாதிரி உங்களுக்கே உங்களுக்குன்னு இருக்கு. அவங்கதான் பாவம், பத்தாத வண்டியில கம்பியை இழுத்து இழுத்து ஓட்டியிருக்காங்க. முதுகு என்னத்துக்கு ஆகும்."

இல்லை, அது அக்கா தனக்காக வாங்கியது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாலேயே ஆளை அளந்துவிடுகிறவள். அவளா தனக்குத் தப்பான அளவில் வாங்கினாள்?

அவசரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிச் சங்கிலி ஒன்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, "ரெண்டு அளவையும் எடுத்து வைக்கிறேன். வீட்டுல கேட்டுட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். ஒருவர் அழுது முடிக்கும்வரை வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தர்மம்தான். அதை அன்று தெரிந்துகொண்டேன்.

அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். கடையில் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். இப்போதெல்லாம் சிரிப்பு அவளுக்கு மெதுவாகத்தான் வருகிறது.

"அளவு தெரியாமலா வாங்கினேன்?" என்றாள். "உனக்குன்னு குடுத்திருந்தா தொட்டிருப்பியா நீ? அப்ப இருந்த ரோஷத்துக்கு?"

"முதுகு வலிக்கலையா உனக்கு?"

"வலிச்சுது. மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்."

இந்தத் தடவை உன் அளவுக்கு வாங்குகிறேன், பதினொரு வருடம் நான் கால் எட்டாமல் ஓட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

"இல்லாத ஆளுக்கு நான் துணி வெட்டினதே இல்லடா" என்றாள். "ஐம்பத்தாறுக்கு இங்க ஆள் இல்ல."

"நான் தினமும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன், அக்கா."

"வேண்டிக்கோ. நல்லா வேண்டிக்கோ. சாமிக்கு என் அளவு தெரியாமலா இருக்கு? அதுக்கு நீ எதுக்கு பிரேம் வாங்கிக் காட்டணும்."

அடுத்த வாரம் ஐம்பத்தொன்று அளவில் பச்சை பிரேம் வந்தது. சக்கரம், கைப்பிடி, சீட்டுக் கம்பி எல்லாவற்றையும் அவசரமே மாற்றிக் கொடுத்தார். கம்பியில் ஏறியிருந்த பதினொரு வருட அழுக்கைத் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தார். சிவப்புக் கோட்டை மட்டும் தொடாமல், சுற்றிச் சுற்றித் துடைத்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கோடு வரைக்கும் இனிமே இழுத்துடாதீங்க. இதுவும் விரிசல் விட்டுரும்" என்றார். பிறகு கம்பியைக் கறுப்பு டேப் வரை இறக்கி முடுக்கினார். சிவப்புக் கோடு பிரேமுக்குள் போய் மறைந்தது.

அன்று சாயங்காலம் வழக்கமான தூரம் போய்வந்தேன். வண்டி நான் நினைத்த இடத்துக்குத் திரும்பியது, மேட்டில் முனகவில்லை. இவ்வளவு நல்ல வண்டியை ஓட்டுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவின் ஜன்னலுக்கு வெளியே சாய்த்தேன். கை தானாகவே சட்டைப்பையிலிருந்து, சீட்டுத் திருகைத் தளர்த்தும் ஆலன் கீயை எடுத்தது. திருகில் வைத்தும்விட்டேன்.

"விடு" என்றாள் அக்கா, ஜன்னலுக்கு உள்ளேயிருந்து.

ஆலன் கீயை எடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள் பச்சை நிறத்தைப் பார்த்தாள், சீட்டு இறங்கியிருப்பதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இனிமே காலையிலயும் சும்மாதானே நிக்கப்போகுது" என்றாள். "வேணும்னா எடுத்துட்டுப் போ."

நான் தலையாட்டினேன்.

"கீறல் விழுந்துச்சு…" என்று தொடங்கினாள். அதற்கு மேல் சொல்ல மூச்சு போதவில்லை. மிச்சத்தை நான் சொன்னேன்.