பட்டியலில் இல்லாத தெரு

வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசியில் தெருப் பெயர்களின் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எழுத்து, ஓர் எண். எழுத்தை வரைபடத்தின் மேல்விளிம்பிலும் எண்ணைப் பக்கவிளிம்பிலும் பிடித்து இரண்டு விரல்களையும் உள்ளே நகர்த்தினால், அவை சந்திக்கிற கட்டத்தில் தெரு அகப்படும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆனால் என் மகன் உலான் எழுதி அனுப்பியிருந்த முகவரி லாஷாரி தெரு, 14. பட்டியலை நான்கு முறை பார்த்துவிட்டேன். லாஷாரி தெரு அதில் இல்லை.

உலான் குடியிருக்கும் திபிலிசி நகரின் மேட்டுச் சந்து ஒன்றில், மூட்டை முடிச்சோடு நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், என் மனைவி புருல்சா, உலானின் மாமியார் சைராகுல். பேரன் பிறந்து அன்றைக்கு நாற்பதாவது நாள். எங்கள் வழக்கப்படி நாற்பது கரண்டித் தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டி, நாற்பது வீடுகளில் கேட்டு வாங்கிய துணித் துண்டுகளில் தைத்த சட்டையை உச்சிவேளைக்கு முன்பு போட வேண்டும். சட்டை சைராகுலின் பையில் இருந்தது. நாற்பது வீட்டுப் படியையும் அவரே ஏறி இறங்கியிருந்தார். மணி பதினொன்றாகப் பத்து நிமிடம்.

"ஏங்க, புத்தகம் வாயைத் திறந்துச்சா, இல்ல இன்னும் மௌன விரதமா?" என்றாள் புருல்சா.

"கொஞ்சம் பொறு. எழுத்து பொடியா இருக்கு."

"கீழயே டாக்சி பிடிச்சிருக்கலாம் சம்பந்தி," என்றார் சைராகுல் மெதுவாக. "இங்க படிக்கட்டா இருக்கு. வண்டி ஏறாது போல."

கீழே, விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய ரயிலடியில், அவர் அதைச் சொல்லத்தான் செய்தார். பத்து நிமிட நடை என்று புத்தகத்தில் போட்டிருப்பதாக நான்தான் சொன்னேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. உலான் விமான நிலையத்துக்கு வருகிறேன் என்றபோது, "பிள்ளைக்காரி பக்கத்துல இரு, என்கிட்ட புத்தகம் இருக்கு" என்று தடுத்ததும் நான்தான்.

புத்தகத்தை எங்கள் ஊரான பிஷ்கெக்கின் சந்தையில் மூவருமாகத்தான் வாங்கினோம். சைராகுல் ஒல்லியான புதுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தார். "அது உணவு விடுதிப் பட்டியல் சம்பந்தி. வரைபடம்னா இது," என்று சொல்லி, நான்காக மடித்த தாள் வைத்த தடிப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். டிராம் பாதை சிவப்பில், படிக்கட்டுகள் கூடப் புள்ளிக்கோட்டில். அச்சு அவ்வளவு சுத்தம். "எந்த வருஷத்துது?" என்று கேட்டார். "புதுப் பதிப்புதான்" என்றேன். வீட்டுக்கு வந்ததும் வருஷம் போட்டிருந்த தாள்கள் இரண்டையும் பிளேடால் அறுத்தெடுத்தேன்.

அதைத் தப்பு என்று அப்போது நினைக்கவில்லை. முப்பது வருஷம் பிஷ்கெக்கில் டிராலிபஸ் ஓடும் மின்கம்பி பழுது பார்த்தவன் நான். எங்கள் ஊரில் தெருப் பெயர்களை மாற்றிப் பதினைந்து வருஷமாகியும் ஒருவரும் புதுப் பெயரைச் சொல்வதில்லை. புதுப் பெயரைச் சொன்னால் ஓட்டுநரே "அது எங்கேய்யா இருக்கு?" என்பார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினேன். அரை மணி முன்பு ஓர் இளைஞனிடம் புத்தகத்தில் பழைய ஆட்சித் தலைவர் ஒருவரின் பெயரில் இருந்த சதுக்கத்தைச் சொல்லி வழி கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்த ஆளோட சிலையை நாங்க இழுத்துப் போட்டாச்சு பெரியவரே" என்று திக்கித் திக்கி ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டுப் போனான். பின்னால் வந்த பெண்களுக்கு அது கேட்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

சந்தின் முனையில் ஒரு சின்னத் தபால் நிலையம். "நீங்க இங்கயே உட்காருங்க, தபால் தலை வாங்கிட்டு வரேன்" என்று நழுவினேன்.

உள்ளே நரைத்த தலையோடு ஓர் அம்மா கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார். முகவரியைக் காட்டினேன்.

"லாஷாரியா? இந்தப் பக்கம்தான். ஆனா வழி கேக்காதீங்க. நான் தபால் பிரிக்கிறவ, கொண்டுபோய்க் குடுக்கிறவ இல்ல. தபால்காரன் இப்பத்தான் கிளம்பினான். இந்தச் சந்துக்குள்ள போனா நானே தொலைஞ்சு போவேன்." புத்தகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வரைபடம் இருக்கே? அப்புறம் என்ன?"

"இதுல அந்தப் பேர் இல்ல."

"பழசா? சரி. பழைய பேர் போட்ட கடிதம் எனக்கு இன்னமும் வருது, எல்லாம் மனப்பாடம். லாஷாரிக்கு மட்டும் மூணு பேர் மாத்தியிருக்காங்க. புத்தகம் எந்த வருஷம்?"

அப்போதுதான் பின்னால் கதவு கிறீச்சிட்டது. சைராகுல் பையை மார்போடு அணைத்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் புருல்சா.

"வருஷம் சொல்லுங்க," என்றார் தபால் அம்மா. "அது தெரியாம எந்தப் பேரைச் சொல்றது?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். தாள்தான் இல்லையே. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

"எழுபத்தொன்பது," என்றேன்.

"எழுபத்தொன்பதா!" என்றாள் புருல்சா. "அப்ப உலானே பிறக்கலையே!"

நான் திரும்பினேன். "சம்பந்தி, புதுப் பதிப்புன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். வருஷம் போட்ட தாளை அறுத்ததும் நான்தான். நடை தூரமும் என் கற்பனை."

சைராகுல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது ஏசுவதைவிட மோசமாக இருந்தது. "தாளைக் கூடவா அறுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு தபால் அம்மாவிடம், "அந்த வருஷத்துப் பேரைச் சொல்லுங்கம்மா, நேரமாகுது," என்றார்.

"கொல்லர் தெரு," என்றார் அவர். "நீங்க நிக்கிற இது அப்ப இரண்டாவது ஏற்றத் தெரு."

பட்டியலில் இரண்டுமே இருந்தன. பழைய வரைபடத்தில் தெருவைக் கண்டுபிடிக்கும் வேலை இவ்வளவுதான். புத்தகம் அச்சான வருஷத்தை முதலில் சொல்ல வேண்டும். போகிற தெருவுக்கும் நிற்கிற தெருவுக்கும் அந்த வருஷத்தில் என்ன பெயர் என்று ஊர்க்காரரிடம் கேட்க வேண்டும். அந்தப் பெயர்களைப் பட்டியலில் தேட வேண்டும். இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தன: புள்ளிக்கோட்டுப் படிக்கட்டில் ஏறி, இடது கைப் பக்கம் மூன்றாவது சந்து. உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது.